காலை 11 மணிக்குப் போய் முதியோர் இல்லத்தை எடை போடாதீர்கள்

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த தண்ணீர் பாட்டில், நான் எப்போது போனாலும் நிரம்பியே இருக்கும். பரவாயில்லையே, தீரத் தீர ஊற்றி வைக்கிறார்களே என்று மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். ஸ்டூல் போட்டிருந்தது வலது பக்கம். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வராமல் போனதும் வலது கைதான். தண்ணீர் தீரவே இல்லை, அதனால்தான் நிரம்பியிருந்தது. சிறுநீர் டிகாஷன் நிறத்துக்குப் போய், தொற்று வந்து, ஒருநாள் அவர் என்னையே யார் என்று கேட்டபோது, "வயசாச்சுல்ல சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் மேனேஜர். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால் அதற்கு வயது காரணமில்லை. தண்ணீர் குறைவு, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை அல்லது உப்பு அளவு, புதிதாகக் கொடுத்த மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. நான் சொல்வது அதையல்ல, படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் கட்டண முதியோர் இல்லங்களை. முதல் குழப்பமே இங்கேதான் வருகிறது. நடமாடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் நிறைய உண்டு. அங்கே சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து இடுப்பு எலும்பு முறிந்தால் "கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்பார்கள். படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, மூக்கில் டியூப் போட்டிருந்தால், யூரின் டியூப் இருந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று முதல் போன் காலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, நேரில் பார்க்கப் போகிறோம். எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சனிக்கிழமை காலை 11 மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அண்ணனும் நானும் போய் இறங்கினோம். எந்த இல்லத்துக்கும் அது நல்ல நேரம். குளிப்பாட்டி முடித்து, தரை துடைத்து, டயப்பர் மாற்றி, எல்லோரையும் வராண்டாவில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்தது தோட்டத்தையும், லிஃப்ட்டையும், பூஜை அறையையும், ஏசி ரூமையும்தான். ஒரு கட்டில் பக்கம்கூட ஐந்து நிமிடம் நிற்கவில்லை.

போக வேண்டிய நேரம் சாயங்காலம் ஆறு மணி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போய் நில்லுங்கள். அப்புறம் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் பாதிக்கு மேல் ஆறரைக்குள் இட்லி முடிந்துவிடும், பகல் ஷிஃப்ட் ஆட்கள் கிளம்புவதற்குள் ஊட்டிவிட வேண்டுமே. அடுத்த ஆகாரம் காலை எட்டரைக்கு என்றால் நடுவில் 14 மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கினால் யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லத் திணறுவார்கள். ஊட்டும் விதத்தையும் பாருங்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார வைத்து, வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்த ஸ்பூன் கொடுக்கிறார்களா, இல்லை படுத்த வாக்கில் வைத்து, மிக்ஸியில் அடித்ததைக் கடகடவென்று வாயில் தள்ளுகிறார்களா. பக்கவாதம் வந்தவர்களுக்கு இது ருசி பார்க்கிற விஷயமில்லை. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும், அதில்தான் பலரும் போய்ச் சேருகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, "எத்தனை ஸ்டாஃப் இருக்காங்க?" என்ற கேள்வி. நாங்கள் அப்படித்தான் கேட்டோம், 30 பேர் என்றார்கள், திருப்தியாகிவிட்டோம். அந்த 30-இல் சமையல்காரர், வாட்ச்மேன், டிரைவர், ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர், தோட்டக்காரர் எல்லோரும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்று ராத்திரி இரண்டு மணிக்கு, இந்த மாடியில், எத்தனை பேர் முழித்திருப்பார்கள், தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு அட்டெண்டர், புரட்டிப் போட வேண்டியவர்கள் 12 பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம், டயப்பர் மாற்றுவதையும் சேர்த்து. 120 நிமிடம் முழுதாகப் போய்விட்டது. நடுவில் ஒருவர் பாத்ரூம் போக எழுந்து விழுந்தால் தூக்க ஆள் இல்லை, அந்த அட்டெண்டர் ஒரு டம்ளர் டீ குடிக்கவும் நேரமில்லை. கனமான உடம்பைப் புரட்டப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லோரையும் நர்ஸ் என்று நினைத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். ஜிஎன்எம் என்பது மூன்று வருட நர்சிங் படிப்பு, ஏஎன்எம் அதைவிடச் சின்னது, அதற்கும் கீழே வாரக்கணக்கில் ஏதோ கற்றுக்கொண்டு வந்தவர்கள், எதுவுமே கற்காதவர்கள். அட்டெண்டர் நன்றாகப் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவை உண்மையிலேயே பாசமாகப் பார்த்துக்கொண்டவர் ஒரு ஜார்க்கண்ட் பையன்தான், பாவம், அவனுக்குத் "தாகமா இருக்கு" என்றால் புரியாது. ஆனால் இன்சுலின் போடுவது யார், டியூப் கழன்றுவிட்டால் திரும்பப் போடுவது யார், ராத்திரியில் படித்த நர்ஸ் ஒருவராவது இருப்பாரா என்பதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "டாக்டர் ஆன் கால்" என்று போர்டில் எழுதியிருந்தால், கடைசியாக எப்போது வந்தார், வந்தபோது எழுதிய குறிப்பு எங்கே என்று கேளுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். ஒரு இல்லத்தின் தரம் தோலில் எழுதியிருக்கும். படுக்கைப் புண், அதாவது பெட் சோர், எல்லா நேரமும் தவிர்க்க முடிந்ததல்ல, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் வருவதுண்டு. ஆனால் பெரும்பாலானவை புரட்டிப் போடாததாலும் ஈரத்தில் கிடக்க விட்டதாலும் வருபவைதான். அதனால் பார்க்கப் போகும் இடத்தில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: இப்போது எத்தனை பேருக்கு பெட் சோர் இருக்கிறது, அதில் இங்கே வந்த பிறகு வந்தது எத்தனை? ஒருவருக்குமே இல்லை என்று சட்டென்று சொல்பவரைவிட, "மூணு பேருக்கு இருக்கு, ரெண்டு பேர் ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது, ஒண்ணு எங்ககிட்ட வந்தது" என்பவரை நான் நம்புவேன். புரட்டிப் போட்ட நேரம் எழுதும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். மணி நாலுதான் ஆகிறது, ராத்திரி பத்து வரை ஒரே பேனாவில் டிக் போட்டிருந்தால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. நான் ஒரு இடத்தில் பார்த்தேன்.

நம் ஆளைச் சேர்த்த பிறகு நாமே பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்புப் பக்கம், இடுப்பின் இரு ஓரம், குதிகால், பின்மண்டை, காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே கெடத் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கிறார்கள், நடுவில் ஓட்டை உள்ள ரிங் தலையணை போடுகிறார்கள். இரண்டும் பழைய பழக்கம், நல்லதும் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைப்பதுதான் சரி. ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

எடையும் ஒரு சாட்சி. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ இருந்தவர் மூன்று கிலோ இறங்கினால் அது சாதாரணமில்லை.

"இங்க எல்லாரும் எவ்ளோ அமைதியா இருக்காங்க பாருங்க" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்கள். அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் பட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஹால் முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தால் அது அமைதி இல்லை, மாத்திரை. மறதி நோய் உள்ளவர்கள் கத்தாமல், நடக்காமல் இருக்கத் தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ கொடுத்துவிடுவது ஆட்கள் குறைந்த இடங்களில் சுலபமான வழி. வாரம் ஒருமுறை மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள். நீங்கள் கொடுத்துவிட்டு வந்த லிஸ்ட்டில் இல்லாத பெயர் இருந்தால், யார் எழுதியது, எதற்கு என்று கேளுங்கள். கட்டில் கம்பியிலோ நாற்காலியிலோ துப்பட்டாவால் முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்தால், "விழுந்துடுவாங்கன்னுதான்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

கூகுள் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வரி. அமெரிக்காவில் 2008 முதல் அரசாங்கமே நர்சிங் ஹோம்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு போடுகிறது, ஆய்வு அறிக்கையும் ஆள் கணக்கும் அதில் சேரும். நம்மிடம் இருப்பது, மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிவிட்டுப் போனவர் போட்ட ஐந்து நட்சத்திரம். மாவட்ட சமூக நலத்துறையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம், ஆனால் பதிவு இருப்பதாலேயே கவனிப்பு நன்றாக இருக்கும் என்றும் இல்லை. முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

பணம்: அட்வான்ஸ் திரும்ப வருமா, டயப்பர், கையுறை, ஆம்புலன்ஸ் தனிக் கணக்கா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்கும் வாடகையா. வாயால் சொன்னதை எழுதி வாங்குங்கள். அவ்வளவுதான்.

சேர்த்த பிறகு நான் செய்த தவறு, ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் போனது. ஞாயிறு காலையில் அப்பா ஷேவ் செய்து, நெற்றியில் விபூதி இட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பார். ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். ஐந்து நாள் தாடி, நனைந்த பெட்ஷீட், குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு. அந்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றினோம். கட்டடம் சுமார்தான், பெயின்ட் உரிந்திருக்கும். முதல் நாளே ஆயாம்மா ஒருவர் வந்து, எந்தக் கை வரும் என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இடது பக்கம் இழுத்துப் போட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வீடியோ கால் போடுகிறான். போனில் எப்போதும் முகத்தைத்தான் காட்டுவார்கள், முகத்தைத் துடைத்துவிட ஒரு நிமிடம் போதும். குதிகாலைக் காட்டச் சொன்னான். முதல் தடவை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது அவன் கேட்பதற்கு முன்பே ஆயாம்மா போர்வையை விலக்கிவிடுகிறார்.