"நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்பவரைக் கூடாரத்துக்கு அழைத்துப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு முகாம் போக ஆசை, இன்னொருவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே எரிச்சல். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் இதுதான் நிலைமை. ஆசைப்பட்டவர் கூடாரம், மடக்கு நாற்காலி, விளக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கி ஸ்டோர் ரூமில் அடுக்குவார். மற்றவர் கடைசி வரைக்கும் "நான் வரல, நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்பார். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் என் மனைவி. ஒருமுறை வற்புறுத்தி அழைத்துப் போய், அந்த ஒரு இரவு கெட்டுப்போனதில் அடுத்த இரண்டு வருடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. இப்போது அவராகவே "பள்ளி விடுமுறைக்கு எங்க போறோம்?" என்று கேட்கிறார். இடையில் நான் எதையெல்லாம் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. ஏன் வேண்டாம் என்கிறார் என்று நாம் சரியாகக் கேட்பதே இல்லை. கேட்டாலும், அவர் சொல்லி முடிப்பதற்குள் "ஒன்னும் ஆகாது, வா" என்று முடித்துவிடுகிறோம். என் மனைவி சொன்னவை இவை: ராத்திரி கழிப்பறைக்கு யார் துணைக்கு வருவது, சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மழை பெய்தால் எங்கே போய் நிற்பது, தரையில் படுத்தால் மறுநாள் முதுகு என்ன ஆகும். இதில் எது தவறான கேள்வி? ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பதில் தேட வேண்டிய கேள்வி. அவற்றைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டது என் தவறு. தயங்குகிற ஆளிடமிருந்துதான் பயணத்துக்கு வேண்டிய முழுப் பட்டியலும் கிடைக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமியார் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவர். நான் கூடாரம் வாங்கி வந்த அன்று அதைப் பார்த்துவிட்டு, "நாங்க மண்ணெண்ணெய் விளக்குல படிச்சோம் தம்பி, கக்கூஸுக்கு இருட்டுல நடந்தோம். அதுக்குன்னு காசு கொடுத்தா போவாங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு தலைமுறையே பாடுபட்டிருக்கிறது. அவர்களிடம் போய் "இயற்கையோடு இருப்போம்" என்று வசனம் பேசினால் மனம் நோகும். அதற்குப் பதிலாக, பேரப்பிள்ளைகளோடு ஆற்றோரம் உட்கார்ந்து டீ குடிக்கலாம், தூங்குவதற்கு நல்ல மெத்தை இருக்கும், விளக்கு இருக்கும் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்தும் காட்டுங்கள். காட்டில் இரவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அவர் சொன்னதை நாங்கள் இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை, அவர்கள் மனம் அடங்குகிறது.

அப்புறம், வேலை. இதைப் பற்றி ஆண்கள் யாரும் பேசுவதில்லை. வீட்டில் சமைத்து, பாத்திரம் கழுவி, துணி எடுத்து வைப்பவரை, குழாயும் வெளிச்சமும் குறைந்த ஓர் இடத்துக்கு அழைத்துப் போய் அங்கேயும் அதையே செய்ய விட்டால், அவருக்கு அது என்ன விடுமுறை? முதல் பயணத்தில் என் மனைவி அரிசி முதல் அஞ்சறைப்பெட்டி வரை எல்லாம் கட்டினார், போன இடத்தில் குனிந்து நிமிர்ந்து சமைத்தார், திரும்பி வந்து ஈரத்துணி நாலு கூடை துவைத்தார். நான் கூடாரம் அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு. அவர் மனம் மாறியதற்கு நான் வாங்கிய எந்தப் பொருளையும்விட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் தடவையே மூன்று நாள், நீண்ட வார இறுதி, கேமரன் மலை என்று திட்டம் போடாதீர்கள். நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று போய்ச் சேர்ந்தால், இறங்கும்போதே பாதிச் சண்டை முடிந்திருக்கும். நாங்கள் இரண்டாவது முறை சிறிதாகத் தொடங்கினோம். முதலில் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு காலை மட்டும் போனோம். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது, 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பாய் விரித்து, கடையில் தாப்பாவ் செய்த (பொட்டலம் கட்டி வாங்கிய) நாசி லெமாக் சாப்பிட்டு, மதியம் வீடு திரும்பினோம். அடுத்த வாரம் வீட்டுக் கூடத்தில் கூடாரத்தை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம், பாதி இரவில் என் மனைவியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஜண்டா பாய்க்கில் ஒரே ஓர் இரவு. ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பக்கூடிய தூரம். "உனக்கு எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்பவே கிளம்பிடலாம், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி" என்று சொன்னேன், காரையும் வெளியே பார்த்தபடி நிறுத்தினேன். சொல்லிவிட்டுப் பிறகு முகம் சுளிப்பதாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இடம் பிடிக்கும்போது எல்லோரும் ஆறு, மலை, பனி படத்தைப் பார்த்து மயங்குகிறோம். நீங்கள் கழிப்பறைப் படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் உரிமையாளரிடம், கூடாரத்திலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், இரவு முழுக்க விளக்கு எரியுமா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, குளிக்கிற இடம் தனியா என்று கேட்டு, பதிலை அப்படியே தயங்குகிறவரிடம் காட்டுங்கள். பதில் சொல்ல மழுப்புகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா? 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்தது நமக்கு மறக்காது. பள்ளி விடுமுறை நேரம், கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், இறந்தவர்கள் 31 பேர், அவர்களில் பிள்ளைகளும் உண்டு. அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். ஆகவே அந்த வட்டார நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ அனுமதி கொடுத்திருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். உரிமம் இருந்தாலும், வெட்டிய மலைச் சரிவின் அடியில், மண் சுவருக்குப் பக்கத்தில், புதிதாக மண் கொட்டிச் சமப்படுத்திய விளிம்பில் கூடாரம் போடாதீர்கள். சில நாள் விடாமல் மழை பெய்திருந்தால் முன்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஆற்றோரமும் அப்படித்தான். தண்ணீரை ஒட்டிப் படுத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே "கெப்பாலா ஆயிர்" என்கிறோமே, அந்தத் திடீர் வெள்ளம் நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாதபோதே வரும், ஏனென்றால் மழை மேலே மலையில் பெய்திருக்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று மண் நிறமாகும், இலையும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வரும், இரைச்சல் கூடும். இதில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள், செருப்பு, பாத்திரம் எதற்கும் திரும்பாதீர்கள். கூடாரம் எப்போதும் மேட்டில்தான் இருக்க வேண்டும். கிளம்பும் முன்பு மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் முதல் பயணம் கெட்டது போய்ச் சேர்ந்த நேரத்தால்தான். சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு டியூஷன், அது முடிந்து சாப்பிட்டுச் சாமான் ஏற்றிக் கிளம்பும்போதே மணி மூன்றரை, உலு லங்காட் பக்கம் ஆற்றோரத் தளத்தை அடையும்போது ஐந்தரை, வானம் கறுத்துவிட்டது. பாதிக் கூடாரம் நிற்கும்போதே மழை கொட்டியது. தரையில் விரித்த தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கூரையிலிருந்து வழிந்த மழை அந்த ஓரத்தில் விழுந்து, தார்ப்பாய்க்கும் கூடாரத்தின் அடித்துணிக்கும் நடுவில் தேங்கி, பதினோரு மணி வாக்கில் சின்னவன் தலையணைக்கு அடியிலிருந்து மேலே கசிந்தது. என் மனைவி கையை வைத்துப் பார்த்தார், டார்ச்லைட்டை அடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். ஒரு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

இந்தப் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் மாலைக்குள் வரும், ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். எனவே மதியம் ஒரு மணிக்கெல்லாம் கூடாரம் நிற்க வேண்டும். முதலில் பெரிய ஃப்ளைஷீட்டை, அதாவது கூரை போல மேலே கட்டும் மழைத் துணியை, இழுத்துக் கட்டுங்கள், பிறகு அதன் அடியில் கூடாரம், அடுப்பு எல்லாம். மழை வந்தால் உட்கார ஓர் இடம் இருக்கும், தயங்கி வந்தவருக்கு அதுவே பாதித் தைரியம். கீழே விரிப்பதை நாலு பக்கமும் கூடாரத்துக்கு உள்ளடங்கி மடித்துவிடுங்கள். டுரியான் காலத்தில் டுரியான் மரத்தடியும், எந்தக் காலத்திலும் காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம்.

கூடாரத்தின் மேல் "4 பேர்" என்று போட்டிருப்பது, நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் இடிக்காது என்ற கணக்கு. பைகளுக்கு அதில் இடமில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் அளவு வாங்குங்கள், அல்லது முதல் முறைக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள். உள்துணியும் வெளித்துணியும் தனித்தனியாக இருக்கும் இரட்டை அடுக்குக் கூடாரம்தான் நம் மழைக்குத் தாங்கும், கடற்கரையில் நிழலுக்குப் போடுகிற ஒற்றைத் துணிக் கூடாரத்தை நம்பிப் போகாதீர்கள். நாலு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு கூரையில் பட்டுத் துளியாக நிற்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஒழுகுகிறது என்று பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள்.

தூக்கம் கெட்டால் எல்லாம் கெட்டது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், தடிமனான மெத்தையும் வீட்டுத் தலையணையும் கொண்டு போங்கள். உலு லங்காட் மாதிரித் தாழ்வான இடத்தில் இரவிலும் புழுங்கும், சார்ஜ் செய்யும் சின்ன மின்விசிறி இருந்தால் காற்றும் வரும், பூச்சிகளின் இரைச்சலும் அமுங்கும். ஜண்டா பாய்க் போன்ற மேட்டில் விடியற்காலை நாலு மணிக்குக் குளிர் அடியிலிருந்து ஏறும். காற்று மெத்தைக்கு மேல் ஒரு தடித்த போர்வையை விரித்துவிட்டுப் படுத்தால் தெரியும் வித்தியாசம்.

முதல் நாள் பெரிய சமையல் தேவையே இல்லை. வீட்டில் செய்த கோழிப் பிரட்டல், வழியில் வாங்கிய ரொட்டி, காலைக்கு மெகியும் மைலோவும். தோசை சுட ஆசைப்பட்டால் ஒன்று கவனியுங்கள்: சின்ன கேஸ் குப்பியைப் பக்கத்தில் செருகும் அடுப்பில் நம் வீட்டுப் பெரிய தோசைக்கல்லை வைத்தால், அதன் விளிம்பு குப்பிக்கு மேலே வந்து நிற்கும். கல்லின் சூடு குப்பியில் இறங்கினால் அது வெடிக்கலாம். சின்னக் கல் எடுத்துப் போங்கள். மழை, குளிர் என்று எந்த அடுப்பையும், தணல் இருக்கும் கரிச்சட்டியையும் கூடாரத்துக்குள் கொண்டு வராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கொசு மருந்து, நீளக்கை சட்டை, உணவைக் காருக்குள் பூட்டி வைப்பது (குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும்), இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அட்டையைப் பற்றி மட்டும் முன்பே பேசிவிடுங்கள். கடித்தால் வலிக்காது, நகத்தால் ஓரத்தில் தள்ளினால் விழுந்துவிடும், ஆனால் இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும். தெரியாமல் முதல் தடவை பார்ப்பவர் அந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் அலறுவார். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அப்படித்தான் ஒட்டும். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்த விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டு அடுத்த முறை பிரித்தால், பூஞ்சை வாடை குப்பென்று அடிக்கும், உள்பூச்சும் பிசுபிசுத்து உரியும். ஒரு தடவை அந்த வாடையில் படுத்தவர் மறுபடி வர யோசிப்பார். நாங்கள் வீட்டு முன்வாசலில் கயிறு கட்டி இரண்டு நாள் காய வைக்கிறோம். மூலைத் தையல்தான் கடைசியாகக் காயும். என் மனைவி அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு, மடிக்காதீங்க" என்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மடிப்பேன்.