மஞ்சள் தாளில் கடல்பாசிப் படம்: கேமரா இல்லாமல் வெயிலில் எடுக்கலாம்

வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டு, அதன்மேல் சோப்பு போட்டால் சட்டென்று சிவந்துவிடும். அலசி வெயிலில் காயப்போட்டால் கறை வெளுத்துப் போகும். துணி துவைக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். இந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு படம் எடுக்க முடியும். இணையத்தில் ‘ஆந்தோடைப்’ என்று தேடிப் பாருங்கள். பூச்சாறு, கீரைச்சாறு, பீட்ரூட் சாறு பூசிய தாள்களில் எடுத்த படங்கள் வரிசையாக வரும். அவற்றில் பலவும் வெளுக்க நாள்கணக்காகும். மஞ்சள் அப்படியில்லை, ஒரே பகலில் வேலையை முடித்துவிடும்.

இது பழைய வித்தை. இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1842இல் தாவரச் சாறுகள் வெயிலில் வெளுப்பதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு ‘சயனோடைப்’ என்ற நீலப்பட முறையையும் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, பிரிட்டன் கடற்பாசிகளை அந்த நீலத் தாளில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். நியூயார்க் பொது நூலகத்தின் தளத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம். பார்த்தால் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு “இதெல்லாம் நம்ம கரையிலேயே ஒதுங்குதே” என்றுதான் தோன்றும். நீலப்படத்துக்கு இரண்டு இரசாயனங்களைத் தேடி வாங்க வேண்டும். நமக்கு அஞ்சறைப்பெட்டி மஞ்சளும் பக்கத்துக் கடைச் சாமான்களும் போதும்.

என்னென்ன வேண்டும்

விரலி மஞ்சளை அரைத்த தூள், மருந்துக்கடை ஸ்பிரிட், நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் வெண்காரம் (போராக்ஸ்), படம் வரைகிற கெட்டித்தாள், பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடி, நாலு கிளிப். ஸ்பிரிட் இல்லையென்றால் தண்ணீர் மாதிரி இருக்கும் ஆல்கஹால் சானிடைசர் சரிப்படும், ஜெல் வேண்டாம்.

1. பாசி பொறுக்குதல்

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை பெரிதாக இருக்கும். வேதாளை, பாம்பன் கரைகளில் நடந்தால் ஒதுங்கிய பாசி கிடைக்கும். ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். கடலுக்குள் இறங்கிப் பிடுங்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பொறுக்குவது என்ற பேச்சே கிடையாது. பவளத்துண்டு, கடல் விசிறி கரையில் கிடந்தாலும் விட்டுவிடுங்கள், சட்டம் பாதுகாக்கும் உயிர்கள் அவை. பாசிக்குள் சொறி என்ற ஜெல்லிமீனின் இழைகள் சிக்கியிருந்தால் செத்த பின்னும் அரிக்கும், ஆகவே குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பெயர் தெரிய வேண்டுமானால் பாசி எடுக்கும் பெண்களிடம் “அக்கா, இது என்ன பாசி?” என்று கேளுங்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று பார்த்தவுடன் சொல்வார்கள். அவர்கள் காயவைத்த குவியலில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. படத்துக்கு மெல்லிசாகக் கிளை பிரியும் கஞ்சிப்பாசி அருமை. பக்கோடாப் பாசி தடித்து முள்ளும் முடிச்சுமாக இருக்கும், கண்ணாடிக்கு அடியில் படியாது.

2. அலசி அழுத்துதல்

பலரும் அவசரப்படும் இடம் இதுதான். பாசியை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த பாசி மறுநாள் காலையில் மறுபடி நசநசக்கும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, கிளைகளை விரலால் பிரித்து, அடியில் ஒரு தாளை நுழைத்து மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும்.

கஞ்சிப்பாசி தாளோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி இனிப்பை உறைய வைக்கிற, பாசியிலிருந்தே வரும் அகர் என்ற கூழ்ப்பொருள்தான் இங்கே பசையாகிறது. தாளுக்குப் பதில் வழுவழுப்பான பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் வைத்தால் எளிதாக உரிந்து வரும்.

3. தாளுக்கு மஞ்சள் பூசுதல்

ஒரு தேக்கரண்டி மஞ்சளில் ஐந்து தேக்கரண்டி ஸ்பிரிட் ஊற்றிக் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். நிறத்தைத் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால்தான் இந்தச் செலவு. ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள். அகலத் தூரிகையால் வெயில் படாத அறையில் இரண்டு பூச்சு கொடுத்து, இருட்டில் காயவையுங்கள்.

4. வெயிலில் வைத்தல்

மஞ்சள் தாள், அதன்மேல் காய்ந்த பாசி, அதன்மேல் கண்ணாடி. கிளிப் போட்டு இறுக்கி மொட்டைமாடியில் வையுங்கள். நைலான் வலைத் துண்டு ஒன்றை ஓரமாகச் சேர்த்தால் கண்ணிகள் அழகாக விழும். வெயில் பட்ட இடத்தில் குர்குமின் சிதைந்து தாள் வெளுக்கும். பாசி மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும்.

எவ்வளவு நேரம்? நல்ல வெயிலில் சில மணி நேரம், மேகமூட்டமானால் நாள் முழுக்க. முதல் தடவை ஒரு சோதனைத் துண்டு போட்டுப் பார்ப்பது நல்லது. மஞ்சள் பூசிய சிறு தாளை அட்டையால் மூடி, மணிக்கு ஒரு விரற்கடை அட்டையை நகர்த்துங்கள். எந்தப் பட்டை போதுமான அளவு வெளுத்திருக்கிறதோ அதுவே உங்கள் வெயிலுக்கான கணக்கு.

5. சிவக்க வைத்தல்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெண்காரத்தைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, தாளை முக்குங்கள். மஞ்சள் மிச்சமிருக்கும் இடமெல்லாம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரத்தன்மையின் வேலை. அட்கின்ஸ் படங்களில் நீலத்தின்மேல் பாசி வெள்ளையாக இருக்கும். நம்முடையதில் வெளிறிய தாளின்மேல் பாசி சிவந்து நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாது. அந்தக் கரண்டியும் தட்டும் அப்புறம் சமையலுக்கு வேண்டாம், குழந்தைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தாளை ஒரு முறை தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இந்தப் படத்தை நிலைப்படுத்த வழி கிடையாது. சுவரில் மாட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். பீரோவுக்குள் கோப்பில் வையுங்கள், பின்பக்கம் பென்சிலால் பாசியின் பெயர், பொறுக்கிய கரை, தேதி மூன்றையும் எழுதுங்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தாள் உலர்ந்த அன்றே போனில் படம் பிடித்து, அந்தப் பிரிண்டை மாட்டுங்கள்.