ஷூ கடிக்காமல் மலையேற: சாக்ஸ் வாங்குவதிலிருந்து டேப் ஒட்டுவது வரை

ட்ரெக்கிங் பூட்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் செலவழிப்போம். உள்ளே போட, ஆபீஸுக்குப் போடுகிற அதே காட்டன் சாக்ஸ். பெங்களூரிலிருந்து மாகடி ரோட்டில் ஒன்றரை மணி நேரம் போய், சாவன்துர்கா பாறையில் பாதி ஏறியிருக்க மாட்டோம், குதிகாலில் சுருக்கென்று எரியும். "ஷூ கடிக்குது" என்று பூட்டைத் திட்டுவோம். பெரும்பாலும் பூட் பாவம். சாக்ஸைத்தான் திட்ட வேண்டும்.

கொப்புளம் எப்படி வருகிறது என்பதை முதலில் கையிலேயே பார்த்துவிடலாம். இடது புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசையுங்கள். மேல்தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு போகும். அடியில் எலும்பு தன் இடத்திலேயே நிற்கும். நடுவில் மாட்டிய தோல் அடுக்குகள்தான் இழுபடும். பூட்டுக்குள் நடப்பதும் இதுதான். சாக்ஸ் தோலைக் கவ்விப் பிடிக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் எலும்பு நகர்கிறது. ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு தோலின் உள்ளடுக்கு பிய்ந்து, அந்த இடைவெளியில் நீர் கோர்க்கிறது. தோல் லேசாக வியர்த்து ஈரமானால் இன்னும் இறுக்கமாக ஒட்டும். அதனால் நமக்கு வேலை இரண்டே: காலை உலர்வாக வைப்பது, வழுக்கல் எங்கே நடக்க வேண்டுமோ அங்கே நடக்க விடுவது.

படி 1: அட்டையைத் திருப்பி நூலைப் படியுங்கள்

சாக்ஸ் கட்டியிருக்கும் அட்டையின் பின்பக்கம் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். முன்பக்கம் இருக்கும் மலைப் படத்தைவிட அதுதான் முக்கியம்.

காட்டன் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். காட்டன் வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் விடாது. பத்து மணிக்கு நனைந்த சாக்ஸ் மதியம் வரை ஈரத்துணியாகவே காலைச் சுற்றியிருக்கும். தொய்ந்து மடிப்பு விழும்; அந்த மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கொப்புளம். 'மூங்கில் நார்' என்று விற்பதும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். அது விஸ்கோஸ், தொட மெத்தென்றிருக்கும், ஈரத்தையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நல்லது மெரினோ கம்பளி கலந்தது. கம்பளி என்றதும் அரிக்குமே என்று பயப்பட வேண்டாம். நல்ல மெரினோ இழை 17 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி அதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன். இழை வளைந்து கொடுப்பதால் குத்தாது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் வராது. ஆனால் முழுக்க மெரினோ என்றால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். மெரினோ 50 முதல் 70 சதவீதம், மீதியில் பெரும்பகுதி நைலான், இழுவைக்கு லைக்ரா 2 முதல் 5 சதவீதம்: இந்தக் கலவையைத் தேடுங்கள்.

விலை கட்டவில்லையா? பாலியஸ்டரும் நைலானும் கலந்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் போதும். ஒரு நாள் நடைக்கு அது மெரினோவுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை, சீக்கிரம் உலரும். இரண்டாம் நாள் கூடாரத்துக்குள் கழற்றும்போதுதான் பக்கத்தில் படுத்திருப்பவர் முகம் சுளிப்பார். குளிர்காலத்தில் நடைபாதையில் 'வுல்லன்' என்று கூவி விற்கும் தடித்த சாக்ஸையும் இப்படியே திருப்பிப் பாருங்கள். அக்ரிலிக் என்று இருந்தால் வீட்டில் தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

படி 2: தடிமனும் பூட் அளவும் சேர்ந்தே

தடித்த சாக்ஸ் என்றால் மெத்தென்று இருக்கும், கடிக்காது என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தடிமன் பூட்டுக்குள் இடத்தைச் சாப்பிடும். மெல்லிய சாக்ஸோடு சரியாக இருந்த பூட், தடித்ததைப் போட்டதும் விரலை நெரிக்கும். கால் சூடாகி வியர்க்கும். பெங்களூரைச் சுற்றியுள்ள மலைகளுக்கு, டிசம்பர் விடியலில் ஸ்கந்தகிரி ஏறினாலும்கூட, நடுத்தர தடிமன் போதும். ரொம்பத் தடித்தது பனி மலைக்கு.

உள்பக்கம் திருப்பினால் டர்க்கி டவல் போல சின்னச் சின்ன நூல் வளையங்கள் தெரியும். அதுதான் மெத்தை. குதிகாலிலும், விரல்களுக்குக் கீழே உள்ள முன்பாதத்திலும் அது இருக்க வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் மெல்லிசாக, காற்று போகிற மாதிரி இருப்பது நல்லது.

பூட் இன்னும் வாங்கவில்லை என்றால் சாக்ஸை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். பூட்டின் உள் அட்டையை உருவி, தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதைக் கணக்கில் எடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்குத்தான் பூட்.

படி 3: குதிகால் பை, தையல், உயரம்

ட்ரெக்கிங் சாக்ஸ் 'எல்லாருக்கும் ஒரே சைஸ்' என்று வந்தால் வேண்டாம். பல கம்பெனி சாக்ஸில் ஐரோப்பிய அளவு போட்டிருக்கும். நம் ஊர் 8 அதில் சுமார் 42. உங்கள் அளவு 39–42, 43–46 என்ற இரண்டுக்கும் எல்லையில் விழுந்தால் சின்னதை எடுங்கள். பெரிதாக இருக்கும் சாக்ஸ் விரல் நுனியில் சேர்ந்து சுருளும். போட்டதும் சாக்ஸின் குதிகால் பை உங்கள் குதிகாலில் அப்படியே உட்கார வேண்டும். கணுக்காலை நோக்கி மேலே ஏறி நின்றால் அளவு தப்பு.

அடுத்து, சாக்ஸை முழுக்க உள்வெளியாகத் திருப்பி, விரல் நுனித் தையலின் மேல் ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டுங்கள். கயிறு மாதிரி தடித்துத் தட்டுப்பட்டால், அந்த இடம் சுண்டு விரலின் மேல் எட்டு மணி நேரம் உட்காரப்போகிறது. நல்ல சாக்ஸில் தையல் இருக்கும் இடமே விரலுக்குச் சரியாகத் தெரியாது.

உயரம், பூட்டின் கழுத்துப் பட்டைக்கு மேல் இரண்டு அங்குலம். கணுக்கால் சாக்ஸை உயரமான பூட்டோடு போட்டால், பட்டை நேராகத் தோலில் உரசும்.

படி 4: உள் சாக்ஸ், தேவைப்பட்டால்

எப்போதும் ஒரே இடத்தில் கொப்புளம் வருகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். மெல்லிய, வழுவழுப்பான பாலியஸ்டர் சாக்ஸ் உள்ளே, மேலே வழக்கமான சாக்ஸ். இப்போது வழுக்கல் தோலுக்கும் துணிக்கும் நடுவே நடக்காமல், துணிக்கும் துணிக்கும் நடுவே நடக்கும். இரண்டு காட்டன் சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்று போடுவது இதற்கு ஈடாகாது. அது ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளும், அவ்வளவுதான். விரல்களுக்கு நடுவில் கொப்புளம் வந்தால், ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள சாக்ஸ் இருக்கிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

படி 5: லால்பாக் பாறையில் ஒத்திகை

புது பூட்டையும் புது சாக்ஸையும் நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளும் காய்கறி வாங்கப் போகும்போதும் போடுங்கள். அடுத்து பெங்களூர் லால்பாக் தோட்டம். அங்கே கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி வருடம் பழசு. நமக்குத் தேவையானது அதன் சரிவு. ஐந்தாறு முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் பூட்டுக்குள் மேலே தூக்குகிறதா என்று கவனியுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் தூக்கினால் லேஸ் சரியில்லை அல்லது பூட் பெரிது. இறங்கும்போது விரல் நுனி முன்னால் முட்டினால், சாவன்துர்காவில் நகம் கறுத்துவிடும். பிறகு தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றுங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அந்த இடத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த படியில் டேப் போகவேண்டிய இடம் அது.

படி 6: முந்தின நாள் கால் தயாரிப்பு

நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். குதிகாலில் காய்ப்பு இருந்தால் கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துச் சமமாக்கினால் போதும், முழுக்க எடுக்க வேண்டாம்.

ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கும் பழக்கத்துக்கு அன்று மட்டும் விடுமுறை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் பத்து நிமிடத்தில் கழன்று, அதுவே சுருண்டு கடிக்கும். வாசலினும் முதலில் வழுக்கும். நேரம் ஆக ஆக சாக்ஸ் அதை உறிஞ்சிவிடும், பிசுபிசுப்பில் மண் ஒட்டும், உராய்வு முன்பைவிடக் கூடும். முகப் பவுடர் வியர்வையில் கட்டியாகி மணல்போல உறுத்தும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பேப்பர் டேப், காயத்துக்குக் கட்டுப்போட நர்ஸ்கள் ஒட்டும் அதே மைக்ரோபோர், மலிவானது. 2016-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில், பல நாள் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 128 பேரிடம் இதைச் சோதித்தார்கள். டேப் ஒட்டியபோது கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஒட்டும் முறை:

1. காலைக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள்.
2. சிவந்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக வெட்டி, நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக்குங்கள். கூரான மூலையில்தான் முதலில் உரியத் தொடங்கும்.
3. இழுக்காமல், ஒரே அடுக்காக ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். விரலால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.
4. சாக்ஸை மேலிருந்து இழுக்காமல், சுருட்டிப் பிடித்து விரலிலிருந்து விரித்துக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் டேப்பும் கூடவே வரும்.

படி 7: லேஸ்

குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பூட்டின் பின்பக்கம் உட்கார வையுங்கள். முன்பாதத்தில் விரல் அசையும் அளவுக்கு மட்டும் இறுக்கம். பாதம் கணுக்காலாக மடியும் இடத்தில், இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று இரண்டு முறை சுற்றி இழுங்கள். இந்த இரட்டைச் சுற்று இறுக்கத்தை அங்கேயே பூட்டிவிடும், குதிகால் தூக்காது. மேல் கொக்கிகளை அளவாக இறுக்கி முடிச்சுப் போடலாம். இறக்கம் தொடங்கும் முன் அந்த இரட்டைச் சுற்றை மட்டும் அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள்.

குமார பர்வதத்துக்கு, மெஜஸ்டிக்கில் ராத்திரி பஸ் ஏறி விடியலில் குக்கே சுப்ரமண்யாவில் இறங்குகிறவர்கள் கவனிக்க: ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தால் கால் வீங்கும். பஸ்ஸில் செருப்போடு வாருங்கள். இறங்கிப் பத்து நிமிடம் நடந்த பிறகு, பையிலிருக்கும் உலர்ந்த சாக்ஸைப் போட்டு லேஸ் கட்டுங்கள்.

படி 8: வழியில்

ஒரு இடம் சுடுகிறது, சுருக் சுருக்கென்கிறது என்றால் கொப்புளத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. "அடுத்த திருப்பத்தில் நிற்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும். கழற்றுங்கள், சாக்ஸை உதறுங்கள் (பாதி நேரம் ஒரு மணல் பருக்கைதான் காரணம்), காலை ஐந்து நிமிடம் காற்றில் காயவிட்டு டேப் ஒட்டுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நடை என்றால் நடுவில் ஒருமுறை சாக்ஸ் மாற்றுவது நல்லது. கழற்றியதை ஊக்கு குத்திப் பைக்கு வெளியே தொங்கவிட்டால் நடக்க நடக்கக் காயும்.

மழைக்காலத்தில் குடகு, சிக்கமகளூர் பக்கம் போனால் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி உண்டு. அதற்கென்று முழங்கால்வரை வரும், நெருக்கமான நெசவுத் துணி உறை விற்கிறார்கள். வழக்கமான சாக்ஸுக்கு மேலே அதைப் போட்டுத்தான் பூட். அதுவும் இடத்தைச் சாப்பிடும். வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். இந்த மழையில் வாட்டர்ப்ரூஃப் பூட்டை ரொம்ப நம்ப வேண்டாம். கழுத்து வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஓடை தாண்டியதும் கழற்றிக் கவிழ்த்து, சாக்ஸைப் பிழிந்து, முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

கொப்புளம் வந்தே விட்டால்

சின்னது, வலிக்கவில்லை என்றால் உடைக்கக் கூடாது. மேல்தோல் மூடியிருக்கும்வரை கிருமி உள்ளே போகாது. நடுவில் ஓட்டை வெட்டிய வளையமாக ஒட்டும் பஞ்சு அட்டையைச் சுற்றி வைத்து அழுத்தத்தைத் தவிருங்கள். பெரிதாக, மிதிக்கும் இடத்தில், தானே உடையும்போல இருந்தால் மட்டும்: கையைக் கழுவி, புது ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, பஞ்சால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள். பீட்டாடைன் தடவி, ஒட்டாத பட்டைவைத்து டேப் போடுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் டாக்டர். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஊசியே எடுக்கக் கூடாது. அவர்களுக்குச் சின்னக் கொப்புளமும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

துவைப்பது

உள்வெளியாகத் திருப்பி, பச்சைத் தண்ணீரில். துணி மென்மையாக்கும் கம்ஃபோர்ட் வகைத் திரவம் வேண்டாம். அது இழைமேல் படிந்து ஈரம் நகர்வதைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியாமல், நிழலில், விரல் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், வாய்ப்பட்டை தொய்யாது. மாதம் ஒருமுறை கையை உள்ளே விட்டு, குதிகால் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வலை மாதிரி வெளிச்சம் ஊடுருவினால் அந்த ஜோடி இனி பைக் துடைக்க.