வழக்கில் சிக்கிய சிறுவனுக்கு ஊரார் துணை நிற்பது எப்படி?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பதினெட்டு வயது நிரம்பாத பையன் திருட்டு வழக்கில் பிடிபட்டால், வயதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழுடன் பெற்றோரைக் காவல் நிலையத்துக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஊராரின் உண்மையான பங்கு, நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கைக்காக, அதாவது பையனின் குடும்பம், சூழல் பற்றி விசாரித்துக் குழுமத்துக்கு எழுதும் அறிக்கைக்காக, தெருவுக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. "நல்ல பையன் சார்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடாமல், அவன் எந்த வகுப்பில் பள்ளியை விட்டான், ஏன் விட்டான், இனி மாலை நேரங்களில் யார் பொறுப்பில் இருப்பான் என்பதை வகுப்பாசிரியரும் அக்கம்பக்கத்தாரும் விவரமாகக் கூறுவது மிகவும் அவசியம். ஏனெனில் ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எனக் குழுமம் எதை உத்தரவிடுவது என்று முடிவெடுக்க அந்த அறிக்கையே பெரிதும் உதவுகிறது. அவன் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது தண்டனைக்குரிய குற்றம். யாரேனும் பகிர்ந்திருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள்.