கோல்ஃப் மட்டையில் ஷாஃப்ட் (தண்டு) மாற்றுகிறீர்களா? ரம்பத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஃபெரூலை (தண்டும் தலையும் சேரும் இடத்து வளையம்) மாட்ட மறப்பது, பசையைக் கையெல்லாம் அப்பிக்கொள்வது இதெல்லாம் ஒரு தடவை பட்டாலே புத்தி வந்துவிடும், விடுங்கள். பினாங்கில் பழைய மட்டைகளை வாங்கி வீட்டிலேயே சரிசெய்யும் தம்பிமார்கள் காசை விடுவது வேறு இடத்தில்.

நுனியை வெட்டுவது

அயர்ன் எனும் நம்பர் போட்ட இரும்புத்தலை மட்டைகளின் ஷாஃப்ட்டில் இரண்டு வகை. பேரலல் என்றால் நுனிப்பகுதி ஒரே பருமன், 0.370 அங்குலம். டேப்பர் என்றால் நுனியில் 0.355 அங்குலம், மேலே போகப்போகப் பருக்கும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பேரலலில் நுனியை அளவாக வெட்டுவார்கள், விறைப்பு கூடும். டேப்பர் ஒவ்வொரு நம்பர் மட்டைக்கும் தனி நீளத்தில் வருகிறது, கிரிப் பக்கம் மட்டும்தான் வெட்டலாம். நுனியில் கை வைத்தால் பருத்த பகுதிதான் மிஞ்சும், ஹோசலுக்குள், அதாவது தலையில் ஷாஃப்ட் நுழையும் குழாய்க்குள், அடிவரை இறங்காது.

ஜெலுத்தோங்கில் ஒரு தம்பி புது கிராஃபைட் (கரிநார்) டேப்பர் ஷாஃப்ட்டின் நுனியை வெட்டிவிட்டு, உள்ளே போகவில்லை என்று உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார். தேய்க்க வேண்டியது மேல்பூச்சை மட்டும்தான். அதற்குக் கீழே இருப்பது நார், ஷாஃப்ட்டின் பலமே அதுதான். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நாலு பந்து அடித்ததும் ஹோசல் விளிம்பிலேயே முறிந்தது, முறிந்த இடம் ஈர்க்குக் கட்டு மாதிரி பிரிந்து நிற்கிறது. "சரக்கு மட்டம்ணே" என்கிறார். சரக்கு என்ன செய்யும், பாவம்!

இன்னும் சிலர் கை டிரில்லால் ஹோசலைப் பெரிதாக்குகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் அதை மெஷினில் நேராகப் பிடித்துச் செய்வார்கள். கையில் செய்தால் துளை கோணி, தலையும் வீண்.

உடைந்த துண்டை எடுத்து, ஹோசல் உள்ளே சுத்தம் செய்து, காலிப்பரால் துளையை அளந்துவிட்டு ஷாஃப்ட் வாங்குங்கள். பசை இல்லாமல் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். ரம்பம் அப்புறம்.

சூடு

ஹோசலைச் சூடாக்கிப் பசை இளகியதும் உடைந்த துண்டைத் திருகி எடுக்கலாம், எப்படியும் குப்பைக்குத்தான். முழு கிராஃபைட் ஷாஃப்ட்டை மீட்க வேண்டுமானால் திருகவே கூடாது, நேராக இழுக்க வேண்டும். டிரைவர் எனும் பெரிய தலை மட்டைக்கு கேஸ் டார்ச் வேண்டாம், பெயின்ட் கருகிவிடும்.

பழைய பசை

முழுக்கச் சுரண்டுங்கள்.

ஐந்து நிமிட எப்போக்ஸிப் பசை

வேண்டாம். ஷாஃப்ட்டுக்கான எப்போக்ஸி போட்டு 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். சாயங்காலம் ஒட்டிவிட்டுக் காலையில் ரேஞ்சுக்குப் போகிறவர் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன்.