அலர்ஜி உள்ள பிள்ளையை ஏற்காடு, சேலம் பள்ளியில் சேர்க்கிறீர்களா? அட்ரினலின் பேனா எத்தனை, எங்கே, யார் கையில்

லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஊர் திரும்பிப் பிள்ளையை ஏற்காட்டு விடுதியில் சேர்ப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது: கடும் அலர்ஜி தாக்கினால் தொடையில் அழுத்திப் போடும் தானியங்கி ஊசியான அட்ரினலின் பேனா இங்கே தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் உபரிப் பேனா வாங்கி வைக்க முடிகிறது. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து, சிக் ரூமில் எப்படியும் ஒன்று இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பஞ்சு, டெட்டால், பாராசிட்டமால், செட்டிரிசின் இருக்கும். பேனா உங்கள் பெட்டியில்தான் வர வேண்டும்.

நான்கு கொண்டுவாருங்கள். இரண்டு எப்போதும் பிள்ளையோடு, இரண்டு சிக் ரூமில். நான்கு அதிகம் என்று தோன்றினால் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஒரு ஊசியின் வேகம் அதற்குள் தணிந்துவிடும். 5 நிமிடத்தில் தெளிவு தெரியாவிட்டால் இரண்டாவது தேவைப்படும். நான்கையும் ஒரே நாளில் வாங்கினால் நான்கும் ஒரே மாதத்தில் காலாவதியாகும். கைக்கு வரும்போதே ஓராண்டு சொச்சம்தான் மிச்சம் இருக்கும் என்பதால் இரண்டிரண்டாக, சில மாத இடைவெளியில் வாங்குங்கள். அடுத்த ஜோடியை ஊருக்கு வரும் உறவினர் யார் கொண்டுவருவார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சீட்டில் எபிநெஃப்ரின் (அதே மருந்தின் இன்னொரு பெயர்) என்று இருந்தால் பக்கத்தில் அட்ரினலின் என்றும் எழுதி வாங்குங்கள். இங்குள்ள நர்ஸுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம்.

பேனாவை 25 டிகிரிக்குள் வைத்தால் நல்லது. ஏற்காட்டில் அது பெரிய கவலையில்லை. கெடுவது சேலத்தில்தான்: ஏப்ரல், மே மாதங்களில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும்போது, நிறுத்தி வைத்த வேனுக்குள் எவ்வளவு இருக்கும்! சுற்றுலா போகும்போது பையை வண்டியில் விட்டு இறங்கக் கூடாது. பயந்துபோய் ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு. குளிரும் பேனாவைக் கெடுக்கும். இன்சுலின் கொண்டுபோகும் குளிர்ப்பை போதும், பனிக்கட்டி நேராகப் படக் கூடாது. மாதம் ஒருமுறை பேனாவின் சாளரத்தில் பாருங்கள். மருந்து பழுப்பாகவோ கலங்கியோ இருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வெப்பத்தைவிடப் பெரிய எதிரி பூட்டு. மருந்து என்றாலே பீரோவில் பூட்டிச் சாவியை வார்டனிடம் கொடுப்பது விடுதிகளின் வழக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சாவி எங்கே இருக்கும் என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். பூட்டாத, ஆனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில், பிள்ளையின் படத்தோடு வைக்கச் சொல்லுங்கள். மருந்தும் ஊசியும் இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கொடுத்து வார்டன், ஆயா, விளையாட்டு ஆசிரியர் மூவரையும் தொடையில் அழுத்திப் பார்க்க வையுங்கள். நர்ஸுக்கு மட்டும் தெரிந்திருந்தால் நர்ஸ் லீவு போடும் நாளில் யாருக்கும் தெரியாது.

பேனா தீர்ந்துபோனால் மாற்று, ஆம்ப்யூல், அதாவது சிரிஞ்சில் ஏற்றிப் போடும் அட்ரினலின் கண்ணாடிக் குப்பி. சீட்டு காட்டினால் சேலத்தில் மலிவாகவே கிடைக்கும், 1 மி.லி.யில் 1 மி.கி. மருந்து. கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கு, அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மி.லி. பெரிய பிள்ளைக்கு உச்ச அளவு உண்டு, அதை மருத்துவர் எழுதித் தரட்டும். இதில் தவறு நடப்பது மூன்று இடத்தில்: பதற்றத்தில் முழு ஆம்ப்யூலையும் ஏற்றிவிடுவது, தொடைத் தசைக்குப் பதில் ரத்தக்குழாயில் போடுவது, இன்சுலின் சிரிஞ்சை எடுப்பது. இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் யூனிட் கணக்கு, ஊசியும் தசையை எட்டாத குட்டை. 1 மி.லி. சிரிஞ்சு, 25 மி.மீ. ஊசி, இரண்டு ஆம்ப்யூல், அளவு எழுதிய அட்டை, எல்லாம் ஒரே டப்பாவில். இது நர்ஸ் கைக்கு மட்டும்.

சமையலறையில் ‘நட்ஸ் அலர்ஜி’ என்று சொன்னால் முந்திரி, பாதாமைத்தான் நிறுத்துவார்கள். நிலக்கடலை, கடலெண்ணெய், எள், நல்லெண்ணெய், இட்லிப்பொடி என்று ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மரச்செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கிவிடுகிறது. ரீஃபைண்ட் எண்ணெயில் அது மிகக் குறைவு. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. வார விடுமுறையில் சேலம் இறங்கினால் தட்டுவடை செட் கண்ணில் படாமல் போகாது. தட்டுவடை மாவிலேயே கடலை இருக்கலாம், சட்னியையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அலர்ஜி என்றதும் அவில் ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது. அவிலும் செட்டிரிசினும் அரிப்பைத் தணிக்கும். அடைக்கும் தொண்டையையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் நிறுத்தாது. குரல் கம்முவது, இளைப்பு, உதடு நாக்கு வீக்கம், துவண்டு விழுவது தெரிந்தால் முதலில் பேனா, பிறகு 108. வாந்தி மட்டும் ஏமாற்றும்: மலைப்பாதையில் எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தாலும் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்போடு வாந்தி வந்தால் அது வளைவு அல்ல.

வெளித்தொடையில், பேண்ட் மேலேயே குத்தலாம். எத்தனை நொடி அழுத்திப் பிடிப்பது என்பது பேனாவுக்குப் பேனா மாறும். எபிபென் என்ற பேனாவுக்கு 3 நொடி, ஜெக்ஸ்ட் என்ற பேனாவுக்கு 10 நொடி. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரட்டும். எழுப்பி நடத்திக் காருக்குக் கொண்டுபோகாதீர்கள். நேராகச் சேலம் ஓடாமல் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை, அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. சரியானது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால் உடனே விடுதிக்குத் திரும்பக் கூடாது.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எடை பாருங்கள். 25 முதல் 30 கிலோவைத் தொடும் பிள்ளைக்கு 0.15 மி.கி. பேனாவை 0.3 ஆக மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றினால் சிக் ரூமில் உள்ள பழைய ஜோடியையும் ஆம்ப்யூல் அட்டையையும் அன்றே மாற்றிவிடுங்கள்.