கட்டிலோரமும் மேசையோரமும்: மருத்துவமனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நோயாளியின் கட்டிலோரத்தில் நர்ஸுக்கு உதவியாக நிற்கும் ஒரே வேலைக்கு நாட்டுக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் சர்ட்டிஃபைட் நர்சிங் அசிஸ்டன்ட், சுருக்கமாக சி.என்.ஏ. பிரிட்டனில் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட். கனடாவின் ஒன்டாரியோவில் பர்சனல் சப்போர்ட் வொர்க்கர். ஆஸ்திரேலியாவில் அசிஸ்டன்ட் இன் நர்சிங். வார்டின் முன்மேசையில் உட்கார்ந்து போன், ஃபைல், கணினி எல்லாவற்றையும் பார்ப்பவரும் அப்படித்தான்: ஓரிடத்தில் யூனிட் கிளார்க், இன்னோரிடத்தில் வார்டு கிளார்க், வேறோரிடத்தில் யூனிட் செக்ரட்டரி. ஒரு பெயரை மட்டும் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு வேலையே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒருவரே மாற்றி மாற்றிச் செய்யும் பதவிகளும் உண்டு. நான் அப்படித்தான் இருந்தேன். திங்களன்று கட்டிலோரம், செவ்வாயன்று மேசையோரம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று உடம்பு நோகும் வேலை, மற்றது உட்கார்ந்த வேலை. உள்ளே போன பிறகுதான் இரண்டும் ஒன்று என்று புரிந்தது. கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி, சேர வேண்டிய ஆளிடம் சட்டென்று சேர்க்க வேண்டும். கையும் காலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். இது பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதலில் பேப்பர் வேலை

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் (அங்கே அது முதியோர், நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம்) உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையோடு செய்முறை. பிறகு தேர்வு, தேறினால் மாநிலப் பதிவேட்டில் பெயர். பல மாநிலங்கள் இன்னும் கூடுதல் மணி நேரம் கேட்கின்றன. மருத்துவமனைகளும் பெரும்பாலும் இந்தச் சான்றிதழையே எதிர்பார்க்கும். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரு விஷயம்: மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளிலிருந்து பணம் வாங்கும் நர்சிங் ஹோம் உங்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தால், அதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்களே கட்டிப் படித்துவிட்டு 12 மாதத்துக்குள் அப்படி ஓரிடத்தில் சேர்ந்தாலும் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சம்பளத்துக்கு இந்த வேலை செய்யாமல் தொடர்ந்து 24 மாதம் இருந்துவிட்டால் திரும்பவும் பயிற்சி, திரும்பவும் தேர்வு.

இங்கிலாந்தில் 2015 முதல் கேர் சர்ட்டிஃபிகேட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகே முடிக்கலாம். கிளார்க் வேலைக்கு லைசென்ஸ் எதுவும் இல்லை. வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்து, மருத்துவச் சொற்களுக்கான சிறு படிப்பு ஒன்றும் கையில் இருந்தால் போதும்.

அடுத்தது தடுப்பூசிச் சீட்டுகள். காசநோய்ச் சோதனை கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோர் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் சோதனையில் அதனாலேயே பாசிட்டிவ் வரலாம். உடனே மார்பு எக்ஸ்ரே, கேள்வி, தாமதம் எல்லாம் வரும். பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தச் சோதனை செய்யலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ரத்தச் சோதனையை பி.சி.ஜி. குழப்பாது.

அப்புறம் பெயர். சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா வந்தால், நம் பெயர் சர்நேமாகப் போய், முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய பேட்ஜில் அதுவே அச்சாகி, மூன்று மாதம் எல்லாரும் அவரை 'ஃப்னு' என்று கூப்பிட்டார்கள். அவரும் பாவம், திரும்பிப் பார்த்தார். தேர்வுக்குப் பதியும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் நர்ஸாக இருந்தவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் பத்து வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, நர்ஸ் லைசென்ஸுக்கான என்.கிளெக்ஸ் தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் உதவியாளராகச் சேர்பவர்கள் நம்மில் நிறையப் பேர். டிரிப் முடிந்து பம்ப் கத்தும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கை தானாகப் போகும். அழுத்தாதீர்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, டிரிப் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, ஆக்சிஜன் அளவைத் திருகுவது எல்லாம் நர்ஸின் லைசென்ஸுக்குள் வருபவை. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அங்கே கேள்வியே இல்லை. இந்த வேலையும் போகும், வரப்போகிற லைசென்ஸுக்கும் கறை. கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நர்ஸ் வரும்வரை நோயாளி பக்கத்தில் நில்லுங்கள். முதல் சில வாரம் இது அவமானமாகத்தான் இருக்கும்.

அவமானம் என்றதும் இன்னொன்று. 'அங்கே போய் அடுத்தவங்க மலம் அள்ளுறியா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆமாம், அள்ளுகிறோம். துடைக்கும்போது இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா, வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கிறதா என்று பார்ப்பதும் அதே கைதான். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அதை முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லை, நீங்கள்.

கட்டிலோரம்

ஷிஃப்ட் தொடங்கியதும் வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எடுக்க வேண்டும். மூச்சைத் தவிர மற்றதெல்லாம் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம் எண்ண வேண்டும். எண்ணப் போகிறேன் என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பில் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அவசரத்தில் பலர் எண்ணாமல் எல்லாருக்கும் 18 என்று போட்டுவிட்டுப் போவார்கள். எந்த வார்டிலும் நடப்பதுதான், பொய் சொல்லிப் பயனில்லை.

எனக்கு இரண்டாம் மாதம். இரவு ஷிஃப்ட். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒரு பெரியவர். சார்ட்டில் வரிசையாக 18, 18, 18. நான் எண்ணினேன், 28 வந்தது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன், 29. மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. அவரும் 'ஐ'ம் ஃபைன்' என்றார். புது ஆள் நான், முந்தைய ஷிஃப்டைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று கதவருகே ஒரு நிமிஷம் தயங்கி நின்றதும் உண்மை. பிறகு போய் நர்ஸிடம் சொன்னேன். அவர் ஓடியதைப் பார்த்துத்தான், உடம்பு மோசமாகும்போது முதலில் கூடுபவற்றில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று என்று வகுப்பில் படித்தது உறைத்தது. விடிவதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். 'ஏதோ சரியில்லை' என்று நான் சொல்லியிருந்தால் அவ்வளவு வேகம் வந்திருக்காது. 'ஒரு நிமிஷத்துக்கு 28, இரண்டு தடவை எண்ணினேன்' என்றதுதான் வேலை செய்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குனிந்து நின்று வேலை செய்யாதீர்கள், கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், முடிந்ததும் இறக்குங்கள். ஆளைத் தனியாகத் தூக்காதீர்கள். லிஃப்ட் மெஷின் தேடப் பத்து நிமிஷம் ஆகும், முதுகு போனால் திரும்ப வராது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்திருக்கும் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றக் கூடாது. ஆல்கஹால் திரவம் கையில் தேய்த்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு தரும் சி. டிஃப் கிருமியின் வித்துகள் அதற்குச் சாகாது, அந்த அறையிலிருந்து வந்தால் சோப்பும் தண்ணீரும்தான். நோயாளிகள் கூப்பிடும் கால் பெல் பத்து ஒன்றாக அடித்தால் கழிவறைக்குக் கூப்பிடுபவரிடம் முன்னால் போங்கள். பொறுக்க முடியாமல் தானே எழுந்து போய்த்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

பேச்சு மொழியும் காலை வாரும். 'ஐ'ம் கோயிங் டு பி சிக்' என்றார் ஒரு அம்மா. உடம்பு சரியில்லாமல்தானே வந்து படுத்திருக்கிறார் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். வாந்தி வரப் போகிறது என்று அதற்கு அர்த்தம். என் ஷூவில் தெரிந்துகொண்டேன். 'ஐ ஃபீல் ஃபன்னி' என்றால் சிரிப்பு வரவில்லை, உடம்பு என்னவோ செய்கிறது. உட்காரவைத்து உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 'ஹி பாஸ்ட் திஸ் மார்னிங்' என்றால் அவர் இறந்துவிட்டார். இதற்கு வாழ்த்துச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். யாரென்று சொல்ல மாட்டேன்.

மேசையோரம்

போன்தான் பயம். முகம் தெரியாது, பின்னால் நாலு பேர் பேசுவார்கள், கால் பெல் அடிக்கும். நம் எழுத்தில் பி-க்கும் பி-க்கும் வித்தியாசம் இல்லை. இந்த வரியையே பாருங்கள், ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள். அதனால் பெயரைக் கேட்டு எழுதும்போது விமானக்காரர்கள் மாதிரிச் சொல்லிப் பழகுங்கள்: பிராவோ, பாப்பா, டெல்டா, டாங்கோ, விக்டர். முதல் நாள் கூச்சமாக இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எண்கள் இன்னும் மோசம். ஃபிஃப்டீன் அறை நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போக ஆள் அனுப்பச் சொன்னார்கள். என் காதில் ஃபிஃப்டி விழுந்தது. சக்கர நாற்காலி 50-ம் அறைக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவரும் சாதுவாக எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கைப்பட்டையில் இருந்த பிறந்த தேதியை அழைத்துப் போக வந்தவர் பார்த்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்வேன், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிதானே என்று கேட்டுக்கொள்வேன். அறை எண் ஆளுக்கு அடையாளம் இல்லை. முழுப்பெயரும் பிறந்த தேதியும்தான் அடையாளம்.

ஆபத்தான லேப் முடிவு போனில் வந்தால் அதை வாங்கி எழுதிவைக்காதீர்கள். பல மருத்துவமனைகளில் கிளார்க் அதை வாங்கவே கூடாது, நர்ஸை லைனில் கொண்டுவர வேண்டும். அவசர அழைப்பு நிறங்களைச் சேர்ந்த அன்றே கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். கோட் புளூ பெரும்பாலும் இதயம் நின்றவருக்கு. கோட் பிங்க் அமெரிக்காவில் பல இடங்களில் குழந்தை கடத்தல், ஒன்டாரியோவில் குழந்தைக்கு இதயமோ மூச்சோ நின்றுபோனது. நாடு மாறி வருபவர்கள் பழைய மனப்பாடத்தை அழித்துவிட்டு வாருங்கள்.

நம்மாட்கள் வந்து படுத்தால்

ஒரு நாள் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்று வரும். உங்கள் வேலைக்குத் தேவையில்லாவிட்டால் அந்த ஃபைலைத் திறக்காதீர்கள். யார், எந்த நேரம், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று கணினி குறித்து வைத்திருக்கும். அமெரிக்காவில் நோயாளியின் விவரங்களைக் காக்கும் 1996-ம் ஆண்டின் ஹிப்பா சட்டம் இருக்கிறது, மற்ற நாடுகளிலும் இதே மாதிரிச் சட்டங்கள் உண்டு. 'அங்கதானே வேலை பாக்கறே, மாமாவுக்கு என்னன்னு பார்த்துச் சொல்லு' என்று வாட்ஸ்அப்பில் வரும். மாமா அங்கே இருக்கிறார் என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

தமிழ் பேசும் நோயாளி என்றால் உங்களை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமா, குளிர்கிறதா என்று கேட்கலாம், தாராளமாக. அறுவை சிகிச்சைச் சம்மதம், நோயின் விவரம், மருந்தளவு என்று வந்தால் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லி ஒதுங்குங்கள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு 'நீயே சொல்லும்மா' என்றபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் 'பயாப்சி' என்பதை 'சும்மா ஒரு டெஸ்ட் பாட்டி' என்று என் வாய் மழுப்பப் பார்த்தது எனக்கே தெரிந்தது. அதனால்தான் போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாளுக்குப் பையில் இரண்டு பேனா, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், மடித்த ஒரு தாள். தாளில் அறை எண்களும் பெயர்களும் குறிப்புகளும் நிறைந்துவிடும். வீட்டுக்குக் கிளம்புமுன் அதை எடுத்து, ரகசியத் தாள்களை அழிப்பதற்காகப் போடும் பூட்டிய பெட்டியில் போடுங்கள். யூனிஃபார்மை வாஷிங் மெஷினில் போட்டபின் ஞாபகம் வந்து, ஒரு வார்டு முழுக்க இருந்த பெயர்களை ஈரத்துணிகளிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பொறுக்கியிருக்கிறேன்.